கலைச் சந்தை யாருக்கு?

ஸ்ரீரங்கத்துக்குப் போய்வந்த தோழர்கள் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்து நிற்கும் குதிரை, அதன் முதுகில் வீரன், காலடியில் சீறும் விலங்கு. ஒரே கல்லில் இத்தனையும் செய்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரனும் வெளிநாட்டுக்காரனும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மண்டபத்துக்கு ஒரு பெயர் உண்டு. அது எழுந்த காலத்து ராஜாக்களுக்கும் பெயர் உண்டு. ஆனால் வெயிலில் உட்கார்ந்து, கண்ணில் கல்தூசி விழ, உளி பிடித்தவனுக்கு மட்டும் பெயர் இல்லை.

இது பழைய கதைதானே, இன்றைக்கு இதைப் பற்றி ஏன் தலையங்கம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இது பழைய கதை அல்ல என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் நமது திருச்சிராப்பள்ளி ஒரு பெரிய கலைச் சந்தையாக இருந்தது. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகத் தகட்டின் மேல் வண்ணப் படம் எழுதும் சித்திரக்காரர்கள் இங்கே இருந்தார்கள். கும்பினி உத்தியோகஸ்தர்களும் பட்டாளத்து வெள்ளைக்காரர்களும் அந்தப் படங்களைக் கட்டுக் கட்டாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். படத்தில் யார் இருந்தார்கள்? நெசவாளி, குயவன், தண்ணீர் சுமப்பவன், பல்லக்குத் தூக்கி, சமையல்காரன், துணி வெளுப்பவன் எல்லோரும் இருந்தார்கள். நமது முப்பாட்டன்மார்தான், தோழர்களே!

அந்தப் படங்களில் ஒரு வகை உண்டு. ஓர் அட்டையில் முகம் மட்டும் எழுதியிருக்கும். கூடவே வரும் தகடுகளில் உடையும் தொழிற்கருவியும் இருக்கும், முகம் இருக்காது. தகட்டை மாற்றி மாற்றி அந்த ஒரே முகத்தின் மேல் வைத்தால், அதே ஆள் ஒரு நொடியில் சேவகன், மறு நொடியில் நெசவாளி. வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் அது பொழுதுபோக்கு. எல்லா உழைப்பாளியும் அவருக்கு ஒரே முகந்தான்.

இன்று அந்தத் திருச்சிப் படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. எழுதிய கை யாருடையது என்ற இடத்தில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் நிற்கிறது.

படத்தை வாங்கியவர்கள் பிற்பாடு ஆட்களையே காட்சிப் பொருளாக்கவும் தயங்கவில்லை. 1886-ல் லண்டனில் காலனி மற்றும் இந்தியக் கண்காட்சி என்று ஒன்று நடந்தது. அதில் உட்கார்ந்து வேலைசெய்து காட்ட இந்தியாவிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கைவினைஞர்களைக் கொண்டுபோனார்கள். பரம்பரைத் தொழிலாளிகள் என்று ஊரெல்லாம் விளம்பரம். உண்மையில் அவர்கள் ஆக்ரா மத்திய சிறையில் தொழில் பழக்கப்பட்டவர்கள். கைதியின் உழைப்பைக் கலை என்று விற்றது ஏகாதிபத்தியம்.

அது ஏகாதிபத்தியக் காலம், இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறியிருப்பது எது, மாறாதது எது என்று பார்ப்போம்.

இன்று உலகத்தில் சர்வதேசக் கலைச் சந்தைகள் நடக்கின்றன. அவற்றில் ஆப்பிரிக்கக் கலைஞர்களின் படைப்புகளுக்கு இப்போது பெரிய கிராக்கி. 2013-ல் மொராக்கோ நாட்டுப் பெண்மணி தௌரியா எல் க்ளாவி லண்டனில் ஒரு சந்தையைத் தொடங்கினார். அதன் பெயர் ஒன்று-ஐம்பத்துநான்கு. ஒரு கண்டம், 54 நாடுகள் என்று பொருள். 2015-ல் அது நியூயார்க்குக்கும் 2018-ல் மொராக்கோவின் மராக்கேஷ் நகருக்கும் போயிற்று. லண்டனில் அது கூடுகிற இடம் சாமர்செட் ஹவுஸ். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகமும் வரி இலாகாவும் குடியிருந்த மாளிகை அது. ஆப்பிரிக்காவை அடக்க உதவிய இலாகாக்கள் இருந்த அதே சுவர்களுக்குள் இன்று ஆப்பிரிக்கக் கலைஞன் தலைநிமிர்ந்து நிற்கிறான். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆப்பிரிக்கா என்றால் பழைய முகமூடியும் ஈட்டியுந்தான் என்று வெள்ளை உலகம் சொல்லிவந்த பொய்யை இந்தச் சந்தைகள் உடைத்தது உண்மை.

ஆனால் சந்தை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. லால்குடியிலும் தொட்டியத்திலும் வாழை போட்டவன் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குத் தார் கொண்டுவருகிறான். விலை சொல்கிறவன் அவனா? மண்டிக்காரன் அல்லவா! கலைச் சந்தையிலும் அதுவே நடக்கிறது. அங்கே கலைஞன் நேராகக் கடை போட முடியாது. கேலரி என்னும் கலைக்கூடத்தின் முதலாளிதான் சதுர அடிக் கணக்கில் வாடகை கொடுத்துக் கடை பிடிக்கிறார். விற்ற பணத்தில் பாதியைக் கேலரி எடுத்துக்கொள்வது உலக வழக்கம். முதல் நாள் கதவு திறப்பது பணக்கார விருந்தாளிகளுக்கு. ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வருவது அதற்குப் பிறகு. கேலரி ஏற்காத கலைஞனுக்குச் சந்தையே கிடையாது.

நமது நாட்டிலும் சந்தை உண்டு. 2008-ல் டில்லியில் தொடங்கி இப்போது இந்தியா ஆர்ட் ஃபேர் என்று வழங்குகிற சந்தையில், 2016-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று பெரும்பங்கை வாங்கிற்று. 2019-ல் அது பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறிற்று. படம் இந்தியாவினுடையது, வரைந்தவன் இந்தியன். தராசைப் பிடித்திருக்கும் கை எங்கேயிருந்து வருகிறது என்று கவனியுங்கள்.

அப்படியானால் சந்தையை ஒதுக்கிவிடலாமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. ஒதுக்குவதால் மண்டிக்காரனுக்கு நஷ்டமில்லை. காங்கோ நாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் செய்துகாட்டியதைக் கேளுங்கள்.

லக்ஸ், லைஃப்பாய் சோப்பை அறியாத வீடு நம் ஜில்லாவில் இல்லை. அந்தச் சோப்புக் கம்பெனியின் மூலவரான லீவர் என்ற ஆங்கில முதலாளிக்கு 1911-ல் பெல்ஜிய சர்க்கார் காங்கோவில் பரந்த பனைக்காடுகளை எண்ணெய்க்காக எழுதிக்கொடுத்தது. குடியேற்றத்துக்கு லீவர்வில் என்று அவன் பெயரையே வைத்தார்கள். கட்டாய உழைப்பால் எண்ணெய் வடிந்தது. 1931-ல் அந்த வட்டாரத்துப் பெண்டே மக்கள் கொதித்தெழுந்தார்கள். பாலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டான். பட்டாளம் வந்து நூற்றுக்கணக்கான மக்களைச் சுட்டுக் கொன்றது. அந்த அதிகாரியின் உருவத்தைப் பெண்டே மக்கள் மரத்தில் செதுக்கிவைத்தார்கள். அந்த மரச்சிற்பம் பிற்காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில மியூசியத்துக்குச் சொந்தமாயிற்று.

லீவர்வில் இன்று லுசாங்கா என்று அழைக்கப்படுகிறது. அங்கே 2014-ல் தோட்டத் தொழிலாளர்கள் ஒரு கலைச் சங்கம் அமைத்தார்கள். ஆற்றுக் களிமண்ணில் உருவங்கள் செய்தார்கள். அவற்றை அளவெடுத்து ஹாலந்தில் சாக்லெட்டில் வார்த்தார்கள். தோட்டத்தில் தாங்கள் விளைவிக்கும் பொருளிலேயே தங்கள் துயரத்தைச் செய்து, அதைத் தின்று பழகிய சீமான்களின் நகரங்களுக்கு அனுப்பினார்கள்! 2017-ல் நியூயார்க்கில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 2024-ல் வெனிஸ் நகரத்துப் பெரிய கலைக் கண்காட்சியில் ஹாலந்து நாட்டின் மண்டபமே இந்தச் சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதே சமயத்தில் அந்த மரச்சிற்பம் கடனாகவேனும் லுசாங்காவுக்குத் திரும்பிவந்து சில மாதம் இருந்தது.

சிற்பம் விற்ற பணத்தில் அவர்கள் வாங்கியது நிலம். தோட்டம் போட்டே பாழாக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 200 ஹெக்டேரைச் சங்கத்தின் பெயரில் திரும்ப வாங்கிக் காடும் உணவுப் பயிரும் வளர்க்கிறார்கள்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு வழி திறந்தவர் ரென்சோ மார்ட்டென்ஸ் என்ற ஹாலந்துக் கலைஞர். வெள்ளைக்காரர் ஒருவர் கைபிடித்து அழைத்துப்போனால்தான் கறுப்புத் தொழிலாளிக்குக் கதவு திறக்கும் என்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானது. ஆயினும் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. தனியாகப் போனவன் கேலரிக்குக் கூலியானான். சங்கமாகப் போனவர்கள் நிலத்தோடு திரும்பினார்கள்.

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். பழைய திருச்சி ஜில்லாவில் இருந்த அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரைத் திருடி விற்க முடியாது. ஆனால் அந்தக் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கிறது. உளி பிடித்தவனின் கூலியை அது நிர்ணயிப்பதில்லை.

படைத்தவனுக்குப் பங்கு கேட்க நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் 53ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு ஓவியமோ சிற்பமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால், படைத்தவனுக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு. அதிகபட்சம் நூற்றுக்குப் பத்து. காகிதத்தில் அழகான சட்டம். ஆனால் எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்க வணிக நீதிமன்றத்துப் படியேற வேண்டும். அன்றாடம் உளி பிடித்தால்தான் அடுப்பு எரியும் என்றிருப்பவன் எந்த வக்கீலைப் பிடிப்பான்?

இன்னொரு சூழ்ச்சியும் அதற்குள் இருக்கிறது. ஆரம்பத்தில் உரிமை படைத்தவனிடமே இருந்திருந்தால்தான் இந்தப் பங்கு. பட்டறையில் சம்பளத்துக்கு வேலைசெய்து உருவாக்கிய பொருளுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளன் முதலாளியே என்று அதே சட்டத்தின் 17-ம் பிரிவு சொல்கிறது. ஆகவே பெயர் பெற்ற ஓவியனுக்குச் சட்டம் அரைக் கதவு திறக்கிறது. பட்டறைக் கூலிக்கோ கதவே இல்லை. நூல் நூற்றவனுக்கு வேட்டி சொந்தமில்லை என்பது போலத்தான் இதுவும்.

2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஹுசேன் 1954-ல் வரைந்த 'கிராம் யாத்ரா' என்ற ஓவியம் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. ஏறக்குறைய 118 கோடி ரூபாய். நவீன இந்திய ஓவியத்துக்கு அதுவரை கிடைக்காத விலை. ஹுசேன் ஒரு காலத்தில் சினிமாத் தட்டி எழுதிப் பிழைத்தவர். அவருடைய மேதையை நாம் போற்றுகிறோம். பணம் நார்வே நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் மருத்துவப் பயிற்சிக்குப் போகிறது என்பதும் நல்லதே. ஆனால் அந்த ஓவியத்தில் இருப்பது என்ன? மாவரைக்கும் பெண், பால் கறக்கும் பெண், மாட்டு வண்டி, வயல். நமது கிராமத்து உழைப்பின் படத்துக்கு 118 கோடி. அந்த உழைப்புக்குக் கூலி கேட்டால் மட்டும் பணமில்லை என்கிறார்கள்.

பஞ்சப்படிக்கும் கூலிக்கும் போராடும் வேளையில் கலைச் சந்தையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று ஆலைத் தோழர் கேட்டால் நமது பதில் இதுதான்: இதுவும் கூலிப் போராட்டமே. சிற்பியும் தச்சனும் சித்திரக்காரனும் குயவனும் நமது வர்க்கம். பொருளைச் செய்தவனிடமிருந்து பெயரைப் பிரிப்பதும் விலையைப் பிரிப்பதும் ஒரே கை செய்கிற வேலை.

எனவே நாம் கோருவது:

அரசின் பூம்புகார் நிலையங்களில் விற்கும் ஒவ்வொரு சிற்பத்திலும் ஓவியத்திலும் செய்தவரின் பெயரும் ஊரும் இருக்கவேண்டும். கோயில் திருப்பணியில் கொடையாளிக்குக் கல்வெட்டு உண்டென்றால் சிற்பிக்கும் உண்டாகவேண்டும்.

53ஏ பிரிவின் பங்கு, வழக்கில்லாமல் விற்பனையிடத்திலேயே பிடித்துக் கொடுக்கப்படவேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கும் அது பொருந்தும்படி சட்டத்தைத் திருத்தவேண்டும்.

டில்லியிலும் வெளிநாட்டிலும் நடக்கும் கலைச் சந்தைகளில் கைவினைஞர் கூட்டுறவுச் சங்கங்கள் நேராகக் கடை போட சர்க்கார் வாடகை கொடுக்கவேண்டும்.

கடல் கடந்துபோன திருச்சி அப்பிரகச் சித்திரங்களைக் கடனாகவோ நல்ல பிரதிகளாகவோ தருவித்து, ராணி மங்கம்மாள் மகாலில் உள்ள நமது அரசு அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டும். நெசவாளியின் பேரன் தன் பாட்டனின் படத்தைப் பார்க்க லண்டனுக்குப் போகமுடியாது.

கைவினைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கோரிக்கை தானாக நிறைவேறாது. அரும்பாவூரிலும் ஸ்ரீரங்கத்திலும் பட்டறைக்குப் பட்டறை பிரிந்து நின்றால் வியாபாரி விலை சொல்வான். ஒன்றாய் நின்றால் நாம் விலை சொல்வோம். காங்கோக் காட்டுத் தொழிலாளி அதைச் செய்துகாட்டிவிட்டான். காவேரிக்கரைத் தொழிலாளியால் மட்டும் முடியாதா?

அடுத்த முறை சேஷராயர் மண்டபத்துக்குப் போகும் தோழர்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குதிரையைக் காட்டுங்கள். இதைச் செய்தது நம்மைப்போல் கூலிக்கு உழைத்த ஒரு மனிதன் என்று சொல்லிக்கொடுங்கள். அவன் பெயரை நாம் இழந்துவிட்டோம். இன்று உளி பிடிப்பவனின் பெயரை இழக்கச் சம்மதிக்க மாட்டோம்.