வசனம் இல்லாத படம், எழுத்துக்குப் பரிசு!

1957-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடந்தது. சொந்தமாக எழுதிய சிறந்த திரைக்கதைக்கான பரிசுக்கு ஐந்து படங்கள் போட்டியிட்டன. இத்தாலிய டைரக்டர் பெலினியின் புகழ்பெற்ற 'லா ஸ்ட்ராடா' அவற்றில் ஒன்று. ஆனால் பரிசைத் தட்டிக்கொண்டு போனது, 34 நிமிடமே ஓடும் ஒரு பிரெஞ்சுக் குறும்படம். பெயர், 'சிவப்பு பலூன்'.

அந்தப் படத்தில் பேச்சு அநேகமாகக் கிடையாது!

"வசனமே இல்லாத படத்தில் எழுத என்ன இருக்கிறது?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். கதை என்றாலே வசனம், வசனம் என்றாலே கைதட்டல் என்று பழகியவர்களுக்கு இது வேடிக்கைதான். ஆனாலும் அந்தப் பரிசு நியாயமான பரிசு.

குடைக்குள் பலூன்

பாரிஸ் நகரில் மெனில்மோந்தான் என்று ஒரு பகுதி. ஏழை எளியவர்கள் வாழ்ந்த இடம். பள்ளிக்கூடம் போகும் சிறுவன் ஒருவன், விளக்குக் கம்பத்தில் ஒரு பெரிய சிவப்பு பலூன் சிக்கியிருப்பதைப் பார்க்கிறான். ஏறி அவிழ்த்துக்கொள்கிறான். பலூனோடு பஸ்ஸில் ஏறக் கூடாது என்று தடுக்கிறார்கள். ஓடியே போகிறான்.

வீடு திரும்பும்போது மழை. வழியில் போகிறவர்களின் குடைக்குள் மாறி மாறி ஒதுங்குகிறான். தனக்காக அல்ல, பலூன் நனையக் கூடாதே என்பதற்காக!

வீட்டில் பலூனை ஜன்னல் வழியே வெளியே விட்டுவிடுகிறார்கள். பலூன் பறந்து போகவில்லை. ஜன்னல் ஓரமாகவே காத்து நிற்கிறது. பிறகு நாய்க்குட்டி போல அவன் பின்னாலேயே சுற்றுகிறது.

"இந்தப் பையனுக்குப் பலூன் என்றால் உயிர்" என்று யாரையாவது பேச வைத்திருக்கலாம். சுலபமான வேலை. அதைச் செய்யாமல் குடையைக் காட்டினாரே, அதுதான் எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும்.

கடைசியில் போக்கிரிப் பையன்கள் கவண் கல்லால் பலூனை அடிக்கிறார்கள். அது மெல்லச் சுருங்கித் தரையில் விழுகிறது. ஒருவன் காலால் மிதிக்கிறான். உடனே பாரிஸ் நகரத்துப் பலூன்கள் எல்லாம் பறந்து வந்து சிறுவனை ஆகாயத்தில் தூக்கிச் செல்கின்றன. இங்கே மட்டும் ஒரு குறை சொல்லலாம். கண்ணீர் காய்வதற்குள் ஆறுதல் வந்துவிடுகிறது.

மகனே கதாநாயகன்

படத்தை எடுத்தவர் ஆல்பர் லாமொரிஸ். எழுதியதும் அவரே, தயாரித்ததும் அவருடைய சொந்தக் கம்பெனியே. கதாநாயகன் அவருடைய மகன் பாஸ்கல். நீல பலூனோடு வரும் சிறுமி மகள் சபீன். ஸ்டூடியோவுக்குப் பதில் நிஜத் தெரு.

கான் பட விழா இதற்கு 1956-ல் குறும்படங்களுக்கான முதல் பரிசைக் கொடுத்தது. 1953-ல் ஒரு வெள்ளைக் குதிரையைப் பற்றி அவர் எடுத்த படமும் அங்கே பரிசு பெற்றதுதான். பல நாட்டுக்காரர்கள் கூடும் விழாவில், மொழிபெயர்ப்பு தேவைப்படாத கதைக்கு இது ஆச்சரியமல்ல.

விழாவில் ஜெயித்த குறும்படத்தைப் பார்த்து, "பெரிய படம் எப்போது?" என்று கேட்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது. இந்தக் கதையை இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்திருந்தால் பலூன் வெடித்திருக்கும்!

லாமொரிஸ் 1970-ல் ஈரானில் படம் எடுக்கும்போது ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். பாஸ்கல் ஓடிய தெருக்களில் பல, 1960-களில் இடிக்கப்பட்டன. படம் மட்டும் 2007-ல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. அப்போதும் ஓடியது 34 நிமிடம்தான்.