தூங்கிட்டா வலிக்காதா?

"வென்டிலேட்டர்ல இருக்காங்க. தூங்க வெச்சிருக்கோம், வலி தெரியாது." ஐசியூ வாசல்ல காத்துக் கிடக்கறவங்க அடிக்கடி கேக்கற ஆறுதல் இது. ஆனா தூங்க வெச்சா வலி தானாப் போயிடாது மக்களே.

புரோபோஃபால், மிடசோலம் ரெண்டும் தூக்க மருந்து. வலி மருந்து இல்லை. வலிக்கு ஃபென்டனில், மார்ஃபின்னு தனியா ஒண்ணு போகணும். தொண்டைக்குள்ள குழாய், அதுல சளி உறிஞ்சறது, புரட்டிப் படுக்க வைக்கறதுன்னு நாள் முழுக்க ஏதாவது ஒண்ணு வலிச்சுக்கிட்டே இருக்கும். குழாய் இருக்கறதால வாய் திறந்து சொல்லவும் முடியாது. அதுக்காகவே முகச் சுளிப்பு, உடம்பு அசைவு, தசை இறுக்கம், மெஷினோட ஒத்து மூச்சு விடறாரான்னு நாலையும் பார்த்து 0 முதல் 8 வரை மார்க் போடற முறை ஒண்ணு இருக்கு. (தசையைத் தளர்த்தற மருந்து போட்டிருந்தா இதுவும் உதவாது. அசையவே முடியாதவர் எப்படி முகம் சுளிப்பார்?) அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவ சங்கத்தோட 2018 வழிகாட்டுதலும், முதல்ல வலியைக் கவனி, அப்புறம் தூக்கம்னுதான் சொல்லுது.

நாம என்ன செய்யறோம்? கண்ணைத் திறந்து கையை இழுத்தாலே, "டாக்டர், நல்லாத் தூங்க வெச்சிடுங்க"ங்கறோம். அந்த மருந்து பாதி நம்ம மன நிம்மதிக்குங்கறது என் கருத்து. நோயாளிக்கு அது சும்மா வர்றதில்லை. 2000-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல 128 பேரை வெச்சு ஒரு ஆய்வு. தினம் ஒரு தடவை மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தவங்க இடைநிலை அளவா (median) 4.9 நாள்ல வென்டிலேட்டர்லேர்ந்து வெளிய வந்தாங்க. மத்தவங்களுக்கு 7.3 நாள்.

டென்மார்க்ல ஓடென்ஸ் டாக்டருங்க இன்னும் ஒரு படி மேல. தூக்க மருந்தையே தவிர்த்துட்டு, வலிக்கு மார்ஃபின் மட்டும் கொடுத்தாங்க. 2010-ல வந்த அந்த ஆய்வுல வென்டிலேட்டர் நாள் குறைஞ்சுது. ஆனா கொந்தளிப்போட வர்ற மனக்குழப்பம் கூடுச்சு. 2020-ல 700 பேரை வெச்சுப் பெருசா செஞ்சப்ப இறப்பு விகிதத்துல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதனால எல்லாருக்கும் தூக்க மருந்தே வேணாம்னு நான் சொல்ல வரலை. அதோட, ஓடென்ஸ்ல ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். கையைப் பிடிச்சு "ஒண்ணுமில்லை"ன்னு சொல்ல ஆள் இருந்தாங்க. ஆள் இல்லாத இடத்துல மருந்துதான் அந்த வேலையையும் பார்க்குது.