எது இயற்கை உணவு?

நாய், பூனை முதலிய செல்லப்பிராணிகளை வளர்ப்போரிடையே இக்காலத்தில் ஒரு கருத்து விரைவாகப் பரவி வருகிறது. கடையில் விற்கும் பொட்டல உணவு செயற்கையானது. வீட்டில் சமைப்பது இயற்கையானது. ஆகவே வீட்டுணவே சிறந்தது என்பது அக்கருத்து. நோய் வந்தால் மஞ்சளும் வேப்பிலையுமே போதும் என்போரும் உளர். இக்கருத்தில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தவறினால் துன்புறுவது வாயில்லாப் பிராணியே ஆகும்.

முதலில் உண்மையைக் காண்போம். நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து வரும் விலங்கு. மனிதன் உண்ட தானிய உணவில் அதற்கும் பங்கு கிடைத்தது. அதனால் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. எனவே உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழி இறைச்சி, முட்டை, சோறு, பூசணி, கேரட் ஆகியவற்றை நாய் நன்கு உண்ணும். இவை எளிதில் கிடைப்பவை, பெருஞ்செலவு வைக்காதவை.

இனிப் பிழையைக் காண்போம். மனிதனுக்கு இயற்கையானது எல்லா உயிர்களுக்கும் இயற்கையானது அன்று. நம் வீட்டுச் சாம்பாரில் மணக்கும் சின்ன வெங்காயமும் இரசத்தில் தட்டிப் போடும் பூண்டும் நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பிறந்தநாளன்று அன்போடு ஊட்டும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சே. சமைத்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழித்துவிடும். அன்பினால் கொடுத்தோம் என்பதற்காக நஞ்சு அமுதாகிவிடாது.

பூனையின் நிலை இன்னும் நுட்பமானது. பூனை ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து அதற்கு இன்றியமையாதது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. அது குறைந்தால் பூனையின் பார்வை மங்கும், இதயம் தளரும். பாலும் சோறும் மட்டுமே பூனையின் உணவு என்று கருதுவது பெரும்பிழை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை. தாம் புலால் உண்ணாத குடும்பத்தினர் பூனையையும் அவ்வாறே வளர்க்க விரும்புவது உண்டு. அந்நோன்பு மனிதர் தாமே மேற்கொண்டது, பூனை மேற்கொண்டதன்று. அவ்வீட்டிற்குக் கிளியோ முயலோ பொருந்தும்.

பொட்டல உணவும் குறையற்றதன்று. அவ்வுணவை உண்ட பூனைகள் பல இதயநோயால் இறந்தன. டாரின் குறைவே அதற்குக் காரணம் என்பதை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன்பின் உணவு தயாரிப்போர் அச்சத்தை மிகுதியாகச் சேர்த்தனர், அந்நோயும் குறைந்தது. ஆகவே பொட்டலமா, அடுப்பா என்பதன்று வினா. அவ்விலங்கின் உடலுக்கு வேண்டியவை அனைத்தும் அதில் உள்ளனவா என்பதே வினா.

"நம் பாட்டி வீட்டு நாய் பழஞ்சோறு தின்றே வளர்ந்ததே?" என்று சிலர் கேட்பர். கிராமத்து நாயும் பூனையும் வீட்டுச் சோற்றை மட்டும் உண்டு வாழவில்லை. அவை வயலிலும் தெருவிலும் திரிந்து எலி, ஓணான், மீன்குடல் எனத் தமக்கு வேண்டியதைத் தாமே தேடிக்கொண்டன. நகரத்து அடுக்குமாடியில் நான்காம் தளத்தில் வாழும் நாய்க்கு அவ்வாய்ப்பு இல்லை. கிண்ணத்தில் விழுவதே அதன் உலகம். எனவே அக்கிண்ணத்தை நிரப்பும் கைக்குப் பொறுப்பு மிகுதி. இறைச்சியை மட்டும் இட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து குட்டியின் எலும்பு வலுவிழக்கும். வீட்டுணவு தர விரும்புவோர் அளவையும் சேர்மானத்தையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மருத்துவத்திற்கும் இதுவே பொருந்தும். மரபு மருத்துவம் இகழத்தக்கதன்று. பசுவின் மடிவீக்கத்திற்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பூசும் முறையைக் கால்நடை அறிவியலாளரே பரிந்துரைக்கின்றனர். ஆயினும் அது பசுவுக்கு வகுத்த அளவு. நாயும் பூனையும் தம் உடலை நக்கும் இயல்புடையவை; பூசியது வயிற்றுக்குள் செல்லும். அரளியும் இயற்கையே, அதனை உண்டால் உயிர் போகும். மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும்.

வெறிநோய்க்கோ எந்த மூலிகையும் மாற்றாகாது. அறிகுறி தோன்றியபின் அந்நோயிலிருந்து பிழைத்தோர் மிக அரியர். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் அதற்குத் தடுப்பூசி கண்டார். நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் அவர் பெயரால் நிறுவனங்கள் தோன்றின. அத்தகைய காப்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்க, "எங்கள் நாய் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை" என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது வீட்டாரின் உயிரோடும் விளையாடுவதாகும்.

வயிறு வலித்தால் குழந்தை அழுது சொல்லும். நாய் மூலையில் சுருண்டு படுக்கும். பூனை கட்டிலின் அடியில் ஒளியும். அவற்றுக்காகப் பேச வேண்டியவர் வளர்ப்பவரே. வீட்டில் செல்லப்பிராணியை அழைத்து வருமுன் அது எதை உண்ணும், எதை உண்ணக்கூடாது, எந்த ஊசி எப்போது இடவேண்டும் என்பவற்றைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் வளர்ப்பதைவிட வளர்க்காதிருத்தலே அவ்வுயிருக்குச் செய்யும் நன்மை.

சொற்பொருள்
ஊனுண்ணி – இறைச்சியை உண்டு வாழும் விலங்கு
சேர்மானம் – கலக்கும் பொருள்களின் அளவு
இகழத்தக்கதன்று – தாழ்வாகக் கருதக் கூடியது அன்று

சிந்தித்து விடை எழுதுக
1. கிராமத்து நாய்க்கும் அடுக்குமாடி நாய்க்கும் உணவில் உள்ள வேறுபாடு யாது?
2. "மனிதனுக்கு இயற்கையானது எல்லா உயிர்களுக்கும் இயற்கையானது அன்று." பாடத்திலிருந்து மூன்று சான்றுகள் தருக.
3. புலால் உண்ணாத வீட்டில் பூனை வளர்க்கலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எட்டு வரிகளில் எழுதுக.