மே மாதமும் ஆசிரியரின் 50 மணி நேரமும்

கோடைப் பயிற்சி, நூல் வாசிப்புக் குழுக்கள் குறித்து ஓர் ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் பள்ளிகளைப் பூட்டியதும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும்: இந்த வருஷம் டிரெய்னிங் உண்டா? உண்டு என்று தெரிந்தால், ஊருக்கு எடுத்த ரயில் டிக்கெட்டை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். லீவு நாளிலும் தெருப்பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித்தருகிற ஆசிரியர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதால் சங்கம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை.

சங்கத்தின் நிலை இது. கோடையில் ஆசிரியர் படிப்பதை வரவேற்கிறது. கட்டாயப்படுத்தி உட்காரவைப்பதை எதிர்க்கிறது. ஆசிரியர்கள் தாங்களே கூடி ஒரு நூலைப் படித்து, படித்ததை ஜூனுக்குப் பிறகு வகுப்பில் செய்து பார்த்தால், அந்த நேரத்தை ஆண்டுக்கான பயிற்சி மணிக்கணக்கில் அரசு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கணக்கு என்ற பேச்சு 2020 தேசியக் கல்விக் கொள்கையோடு வந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது அது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு உள்ள சண்டை ஊரறிந்தது. ஆனால் 50 என்ற எண்ணோடு சங்கத்துக்குச் சண்டை இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம், தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் வேலை என்கிறது. 50 மணி என்பது ஒரு வேலை வாரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு நேரம்கூடப் படிக்கமாட்டேன் என்கிற ஆசிரியருக்காகச் சங்கம் வாதாடாது. அந்த 50 மணியை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

2019 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய நிஷ்தா திட்டம், தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று அறிவித்தது. அத்தனை பேருக்கும் வல்லுநர் நேரில் வர முடியாது. ஆகவே மேலே சிலருக்கு, அவர்கள் மூலம் கீழே பலருக்கு என்று படிப்படியாக இறக்கினார்கள். மாநிலத்தின் சொந்தப் பயிற்சிகளும் பெரும்பாலும் இதே படிக்கட்டில்தான் இறங்குகின்றன. சென்னையில் நாள்கணக்கில் விவாதித்த விஷயம் மாவட்டத்துக்கு வரும்போது சுருங்கி, வட்டார வள மையத்தை எட்டும்போது பவர்பாயிண்டாக மிஞ்சுகிறது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், நிஷ்தா தீக்‌ஷா இணையத் தளத்துக்குப் போனது. படிக்கட்டு ஒழிந்தது. ஆனால் வீடியோ ஒரு பக்கம் ஓட, சாம்பார் ஒரு பக்கம் கொதிக்க, வினாக்களுக்கான விடைகள் வாட்ஸ்அப்பில் வர, சான்றிதழ் போனில் இறங்கிய கதையை ஆசிரியர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

நேரடிப் பயிற்சியின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, முன்தேர்வு. பதினொரு மணிக்கு டீ, பிஸ்கட். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் சொல்லிக் குழு பிரிப்பார்கள். குழுவுக்கு ஒரு சார்ட், இரண்டு ஸ்கெட்ச். கையெழுத்து அழகாக இருக்கிற டீச்சர் எழுதுவார். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மாலையில் காலைக் கேள்விகளையே கொடுத்துப் பின்தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும், கூடாமல் எப்படி இருக்கும்? சார்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ, அது மேலிடத்துக்குப் போனதும் பயிற்சி நிறைவு. பயிற்சி தருகிற கருத்தாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் நேற்றுவரை வகுப்பில் நின்றவர். கையில் கொடுத்ததை நான்கு மணிக்குள் முடித்தாக வேண்டியவர்.

இப்படிப்பட்ட ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகளால் என்ன பயன் என்பதற்கு வெளிநாட்டில் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2007இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியது. அதன் அளவுகோலில் தேறியவை ஒன்பதுதான். சராசரியாக 49 மணி நேரம் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 14 மணி நேரத்துக்கு மேற்படாத பயிற்சிகளில் சொல்லத்தக்க பலன் தெரியவில்லை. ஒன்பது ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனாலும் ஒரே விஷயத்தில் நீண்ட நாள் நிற்க வேண்டும் என்று அது காட்டும் திசை ஆசிரியர்களின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1974இல் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டம் கோடையை அப்படித்தான் பயன்படுத்தியது. விரும்பி வந்த ஆசிரியர்கள் சில வாரங்கள் கூடினார்கள். தாங்களே எழுதினார்கள், தங்கள் வகுப்பில் பலித்ததை ஒருவருக்கொருவர் நடத்திக்காட்டினார்கள், பள்ளி திறந்த பிறகு மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களில் கிளைவிட்டது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலிக்குப் போனார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், அட்டைகளை எடுத்துக்கொண்டு தத்தம் வேகத்தில் படிப்பதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். 13 பள்ளிகளில் ஆரம்பித்தது, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. அட்டையைச் செய்த ஆசிரியருக்கு அது சொந்தச் சரக்கு. பிறகு பெட்டியில் வாங்கிய ஆசிரியருக்கு அது சுற்றறிக்கை. பல பள்ளிகளில் அட்டைகள் பீரோவுக்குள் போனதற்கு இந்த வித்தியாசமே முக்கியக் காரணம் என்று சங்கம் கருதுகிறது.

சங்கம் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். சென்னையிலிருந்து கடைக்கோடி வட்டாரத்துக்கு வந்தாலும் புத்தகத்தில் ஒரு பக்கமும் குறையாது. குஜராத்தின் கிஜுபாய் பதேகா 1930களில் எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டுப் பரிசோதனைக்காகக் கேட்டு வாங்குகிறார். முதல் நாளே, யோசித்து யோசித்துக் கொண்டுவந்த அமைதி விளையாட்டு பிள்ளைகளின் கூச்சலில் சொதப்பிவிடுகிறது. பிறகு கதை சொல்லித்தான் வகுப்பைக் கைக்குள் கொண்டுவருகிறார். நாலைந்து ஆசிரியர்கள் இந்த இடத்தைச் சேர்ந்து படித்தால் பேச்சு கிஜுபாயோடு நிற்காது. “அவருக்கு ஒரு வகுப்பு சார், எனக்கு அஞ்சு வகுப்பும் ஒரே ரூம்ல. கதை சொன்னா எமிஸ் தளத்துல எதுல டிக் பண்றது?” என்று ஒருவர் கேட்பார். பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பானிய நூலான ‘டோட்டோ-சான்’ எல்லோருக்கும் பிடிக்கும். பிடித்துப்போவதோடு நின்றுவிடுவதுதான் அதில் உள்ள ஆபத்து. அதில் வரும் தலைமை ஆசிரியர் கோபயாஷியின் பள்ளியில் சுமார் 50 பிள்ளைகள்தான் என்பதையும் பேச வேண்டும். இத்தாலியின் பார்பியானா மலைக்கிராம மாணவர்கள் எட்டுப் பேர், ஏழைப் பிள்ளைகளைப் பெயிலாக்கும் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதிய நூல் 1967இல் வந்தது. ஆசிரியருக்குச் சங்கடம் தருகிற புத்தகம். சங்கம் கேட்கிற நூல் பட்டியலில் அது இருக்க வேண்டும்.

படிக்காமலே படித்ததாகக் கணக்கு எழுதமாட்டார்களா என்று அதிகாரிகள் கேட்கலாம். சிலர் எழுதுவார்கள். வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சான்றிதழ் எடுக்கிறவர்களைவிட அவர்கள் பெருகிவிடமாட்டார்கள்.

பாடநூல் மாறும்போது எல்லோருக்கும் கட்டாயப் பயிற்சி தேவை என்பதைச் சங்கம் ஏற்கிறது. அதை வேலை நாளில் வைக்கலாம். கோடை விடுமுறை உண்டு என்ற காரணத்தால்தான் ஆசிரியருக்கு ஈட்டிய விடுப்பு மற்ற அரசு ஊழியர்களைவிடக் குறைவாகத் தரப்படுகிறது. அந்த விடுமுறையையும் எடுத்துக்கொண்டால் ஈடுசெய் விடுப்பும் பயணப்படியும் தர வேண்டும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் பணிகளுக்கு ஆசிரியரை அழைக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பணிகளுக்கு ஆசிரியர் போகிற கோடையில் பயிற்சி கூடாது. போதாததற்கு 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. இருபது வருஷம் பாடம் நடத்தியவர் கையில் இப்போது இருக்கிற ஒரே புத்தகம் டெட் கைடு.

சங்கம் கேட்கிற ஏற்பாடு எளியது. ஏப்ரல் தொடக்கத்தில் நூல் பட்டியல் வரட்டும். பட்டியலுக்கு வெளியே ஒரு நூலைக் குழு தேர்ந்தாலும் தடை வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு பேர் ஒரு குழு. கோடையில் இரண்டு சந்திப்பு, இடமும் தேதியும் அவர்கள் விருப்பம். ஜூலையிலிருந்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அந்தக் குழுவுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். நூல்களைப் பயிற்சி நிதியில் வாங்கி, படித்து முடித்ததும் பள்ளி நூலகத்தில் சேர்க்கலாம். சான்றாகப் போட்டோ வேண்டாம், ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும்: வகுப்பில் எதைச் செய்து பார்த்தோம், பிள்ளைகள் என்ன செய்தார்கள். செய்து பார்த்தது பலிக்கவில்லை என்று எழுதியவருக்கும் அதே மணிக்கணக்கு சேர வேண்டும்.