கொள்கலனுக்குள் இருந்ததைத் தேடினோம். அதை இழுப்பவனை மறந்தோம்

2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல் ஏற்பட்டபோது, 323 கொள்கலன்கள் பௌதீகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்ட விவகாரம் பெரும் அரசியல் சர்ச்சையானது. அவற்றுக்குள் என்ன இருந்தது என்று நாடே கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிகளை இரவு பகலாக இழுத்துச் செல்லும் சாரதிகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு கேள்வியும் என் காதில் விழவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் போனவன், லொறி உதவியாளராகத் தொடங்கி, கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவரின் சாரதியானான். கடந்த நோன்புப் பெருநாளைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலோடு எழுந்து நின்று "வாங்க ஸேர்" என்றான். இடுப்பெலும்பு நொறுங்கி, பல மாதங்கள் படுக்கையில் கிடந்து எழுந்திருக்கிறான்.

நடந்தது இதுதான். சற்றுச் சரிவான முற்றம் ஒன்றில் நிறுத்தியிருந்த ட்ரெய்லரில் லொறியைக் கோர்த்திருக்கிறான். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம், அதனால் அவசரம். ஹேண்ட் பிரேக்கைப் போடாமலே இறங்கி, லொறிக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் ஏறிச் சிவப்பு எயார் குழாயை மாட்டினான். சிறிது நேரத்தில் முழு வாகனமும் மெதுவாக நகரத் தொடங்கியது. குதித்து ஓடிப் போய்க் கதவைத் திறந்து ஏறப் பார்த்தவனை, லொறி மதிலோடு வைத்து நசுக்கிவிட்டது.

"ட்ரெய்லர் பிரேக் பிடிச்சித்தானே ஸேர் நின்டது, எப்படி உருண்டது?" என்று இன்றும் கேட்கிறான். விடை தெரிந்தவர்களிடம் விசாரித்தும் வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதை வாசிப்பவர்களின் வீட்டிலும் ஒரு கனரக வாகனச் சாரதி இருக்கக்கூடும்.

லொறியிலிருந்து ட்ரெய்லருக்கு இரண்டு எயார் குழாய்கள் போகின்றன. மஞ்சள் அல்லது நீல நிறக் குழாய், சாரதி பிரேக்கை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை ட்ரெய்லருக்குக் கொண்டுபோகிறது. சிவப்புக் குழாய் ட்ரெய்லரின் தாங்கிக்கு எயார் வழங்குகிறது. சிவப்புக் குழாய் கழன்றால் ட்ரெய்லர் தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுவிட்டால் அதை நிறுத்துவதற்கான ஏற்பாடு இது. ஆனால் பலர் இதையே நிறுத்திவைக்கும் பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். குழாயைக் கழற்றினால் போதும், ட்ரெய்லர் அசையாது என்பது அவர்களின் நம்பிக்கை.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதே குழாயை மீண்டும் மாட்டி எயார் பாய்ந்தவுடன் அந்தப் பிரேக் விடுபடும். அந்நேரம் லொறியின் ஹேண்ட் பிரேக்கும் போடப்படாமல், ட்ரெய்லரின் தரிப்புப் பிரேக்கும் போடப்படாமல் இருந்தால், வாகனத்தைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. நாற்பது அடிக் கொள்கலனின் மொத்த நிறை 30 தொன் வரை போகலாம். அதை உருட்டுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத சரிவே போதும்.

இன்னொரு தவறான பழக்கமும் உண்டு. பல பிரைம் மூவர்களில் ஸ்டியரிங் அருகே ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். அதுவும் எயார் அழுத்தத்தால் மட்டும் வேலை செய்வது. எயார் கசிந்தால் பிரேக் விட்டுப்போகும். உண்மையான தரிப்புப் பிரேக் பலமான ஸ்பிரிங்கினால் பிடிக்கிறது. எயார் முழுவதும் கசிந்தாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்றையும் ஒன்றென நினைப்பதால்தான் உயிர் போகிறது.

ஆகவே ஒழுங்கு முக்கியம். லொறியைப் பின்னுக்கு எடுக்க முன்னரே ட்ரெய்லரின் தரிப்புப் பிரேக் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். கோர்த்த பின் முன்னே மெதுவாக இழுத்துப் பார்த்து, பூட்டு விழுந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இறங்குவதற்கு முன் ஹேண்ட் பிரேக், என்ஜின் நிறுத்தம், திறப்பு சட்டைப் பையில். அதன் பிறகுதான் குழாயில் கைவைக்க வேண்டும். பூட்டைக் கண்ணால் பார்த்து, முன்கால்களை உயர்த்தி, விளக்குகளைச் சரிபார்த்து, கட்டைகளை எடுத்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே ட்ரெய்லரின் தரிப்புப் பிரேக்கை விடுவிக்க வேண்டும். புறப்பட்டதும் மெதுவான வேகத்திலேயே ஒருமுறை பிரேக்கைப் பரீட்சிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு வாகனம் உருண்டால், அதன் பின்னால் ஓடக் கூடாது. போகவிட்டு, மற்றவர்களைக் கத்தி விலக்க வேண்டும். லொறியைத் திருத்தலாம்.

வளைகுடாவுக்குச் செல்லும் நமது இளைஞர்களுக்கு ஒரு சொல். அமெரிக்க வகை லொறிகளில் சிவப்பு எண்கோணப் பொத்தான் ட்ரெய்லருக்கு எயார் வழங்குவது. மஞ்சள் நாற்கோணப் பொத்தான் தரிப்புப் பிரேக். வேறு வகை லொறிகளில் அமைப்பு வேறு. ஓட்டத் தெரியும் என்பது, எந்த வாகனத்தின் பிரேக்கையும் தெரியும் என்பதாகாது. புதிய வாகனத்தில் ஏறும்போது முதலில் இதைக் கேட்டுப் படியுங்கள்.

என் மாணவன் அசட்டையாக இருந்தான் என்று உரிமையாளர் தரப்பு கூறியதாம். அவன் ஹேண்ட் பிரேக் போடவில்லை என்பது உண்மை. ஆனால் அவனுக்கு இந்த ஒழுங்கை எவரும் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ட்ரெய்லரின் தரிப்புப் பிரேக் நெடுநாளாகப் பழுதடைந்திருந்தது. முற்றத்தில் ஒரு கட்டைகூட இருக்கவில்லை. வகுப்பில் கற்பிக்காத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, மாணவன் சித்தியடையவில்லை என்று ஓர் ஆசிரியர் சொன்னால் ஏற்போமா?

பெருந்தெரு விபத்துகள் நடக்கும்போது மாத்திரம் போக்குவரத்துச் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறோம். முற்றங்களுக்குள் நடப்பவை பேசப்படுவதில்லை. கனரக இணைப்பு வாகன அனுமதிப்பத்திரம் பெறும் ஒவ்வொருவரும் கோர்ப்பதையும் கழற்றுவதையும் செய்துகாட்ட வேண்டும். பிரேக் பொத்தான்களுக்கு அருகே தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் ஒட்ட அதிக செலவாகாது. பாதிக்கப்படும் தொழிலாளிக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பதையும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். என் மாணவனின் வீட்டில் அதை எவரும் அறிந்திருக்கவில்லை. இப்போது அதற்கான விண்ணப்பத்தை நானும் அவனும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.