கூலிக்குச் சொல்லும் ஆலோசனை

நிறுவனங்களுக்கு யோசனை கூறும் 'கன்சல்டிங்' தொழிலுக்கு நுனிநாக்கு ஆங்கிலமே போதுமென்று கே.கே. நகரில் என்னைக் காணும் கல்லூரி இளைஞர் பலர் எண்ணுகின்றனர். வீட்டு மஷூராவில் ஒருவர் தவறாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வோம். கூலி பெற்றுச் சொல்பவர் தவறினால் ஒரு தொழிலே சாய்ந்துவிடுமன்றோ?

பக்கத்து அண்ணா நகரைப் பாருங்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை செய்யும் மருத்துவருக்கு இரு மேசைகள். ஒருவருக்குச் சிகிச்சை நடக்கையிலேயே அடுத்தவர் மறு மேசையில் ஆயத்தமாகிவிடுவார். இத்தகைய முறைகளைப் பிற கண் மருத்துவமனைகளுக்கும் கற்பிக்க 1992-இல் 'லைகோ' என்னும் பிரிவு உருவாயிற்று. நேரில் சென்று பார்த்து, கேட்டு, கணக்கெடுத்த பிறகே அங்கு யோசனை பிறக்கிறது.

நீங்களும் அவ்வாறே பழகுங்கள். தெரு மருந்துக் கடையில், உரிமையாளரின் அனுமதியோடு ஒரு மாலை நில்லுங்கள். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் மருந்து கிடைக்காமல் திரும்பினர், எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்று குறித்து, காரணத்தை ஒரே பக்கத்தில் எழுதி அவரிடமே காட்டுங்கள். அவர் சிரித்தால், எங்கே தவறினோம் என்று கேளுங்கள்.

நேர்முகத் தேர்வில், 'மாட்டுத்தாவணியில் ஒரு நாளில் எத்தனை தேநீர் விற்கும்?' என்பது போலவும் கேட்பர். விடையைவிட, அதை நீங்கள் எட்டிய வழியையே கவனிப்பர். என்னைப் போன்ற கலைப் பிரிவினரும் அஞ்ச வேண்டியதில்லை. சதவிகிதக் கணக்கு மட்டும் தடுமாறக் கூடாது.