லைன் கட்டானா ஸ்க்ரிப்ட் ஏன் சாகணும்?

லினக்ஸ்ல ஒரு ஷெல் ஸ்க்ரிப்டைப் பின்னணியில ஓடவிடறது எப்படின்னு கேட்டா நம்ம பசங்க சொல்ற ஒரே பதில், "கடைசில ஒரு & போடு மச்சி". மலைக்குக் கீழ உக்காந்துட்டு சொல்லலாம். கொல்லிமலையில எடுபடாது.

நடந்த கதை இது. வீட்டு மிளகு வியாபாரத்தோட பழைய பில்லுகளைப் போட்டோ எடுத்து, ப்ராஜெக்டுக்காக டெசராக்ட் வச்சு எழுத்தா மாத்திட்டு இருந்தேன். வேலை நடக்கிறது சேலத்துல இருக்கிற நண்பனோட மெஷின்ல. நான் செம்மேட்டுலேர்ந்து எஸ்எஸ்ஹெச்ல. மொத்தம் 600 படம். & போட்டுட்டுத் தூங்கப் போனேன். ராத்திரி மழை, லைன் போச்சு. காலைல பாத்தா 112-வது பில்லோட நிக்குது. அன்னைக்குத்தான் ரிப்போர்ட் வைக்கணும் (வச்ச லட்சணத்தைக் கேக்காதீங்க).

நண்பன் விடலை. "நான் & போட்டு எக்ஸிட் அடிச்சேன், ஓடுச்சே?" அவன் சொல்றதும் நிஜம்தான். பாஷ்ல நாமளா எக்ஸிட் கொடுத்தா, ஹப்ஆன்எக்ஸிட்ங்கிற ஆப்ஷனை ஆன் பண்ணாத வரைக்கும், பின்னணி வேலைகளுக்கு அது எந்த சிக்னலும் அனுப்பாது. ஆனா லைன் தானா அறுந்தா ஷெல்லுக்கு சிக்ஹப் சிக்னல் வரும். பாஷ் அதைத் தன் பிள்ளைங்க எல்லாருக்கும் அனுப்பிட்டுத்தான் சாகும். ஹப்னா ஹேங்கப். டெர்மினலை டெலிபோன் லைன்ல மாட்டின காலத்துப் பேரு. 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி வர்ற நம்ம லைனுக்கு இன்னைக்கும் பொருந்துது :-)

நோஹப் போட்டா வேலை அந்த சிக்னலைக் கண்டுக்காது, வெளியீடு நோஹப்.அவுட் ஃபைலுக்குப் போயிடும். எனக்கு அது பத்தாது. ஸ்க்ரிப்ட் நடுவுல ஏதாவது கேட்டா பதில் சொல்ல முடியாதே! 1987-லேர்ந்து இருக்கிற ஸ்க்ரீன், இல்லேன்னா 2007-ல வந்த டிமக்ஸ், இதுதான் என் கட்சி. முதல்ல ஸ்க்ரீன், அப்புறம்தான் வேலை. கன்ட்ரோல்-ஏ, டி அடிச்சுட்டுக் கிளம்பலாம். லைன் அறுந்தாலும் ஸ்க்ரீன் -டி -ஆர் போட்டா விட்ட இடத்துல போய் உக்காந்துக்கலாம்.

2016-ல சிஸ்டம்டி 230-வது பதிப்பு, லாக்அவுட் ஆனா ஸ்க்ரீனையும் சேத்துக் கொல்றதை இயல்பா வச்சுது. பெரிய சண்டை. டெபியன்காரங்க தங்க பக்கம் அதை அணைச்சு வச்சாங்க, புண்ணியவான்கள். உங்க மெஷின்ல ஸ்க்ரீனும் செத்தா லாகின்டி.கான்ஃப்ல கில்யூசர்ப்ராசஸஸ் என்னன்னு பாருங்க.

மெஷின் இருக்கிற இடத்துல கரண்ட் போனா இது எதுவும் காப்பாத்தாது. அதுக்கு ஸ்க்ரிப்ட்லயே, முடிஞ்ச பில்லைத் தாண்டிப் போற மாதிரி ஒரு இஃப் வேணும். நேத்துதான் எழுதினேன். மிச்சம் 488 பில்லு இப்ப ஓடிட்டிருக்கு.